திறன்னுவின் வித்தியாசாலை



இவ்வாரம் நாம் தியானிக்கும் பகுதி அப்போஸ்தலர் 19:8–12. அதனுடன் 20:33–35 வசனங்களையும் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

எபேசு என்றவுடன் தியானாளின் கோவிலும், தட்டான் தெமேத்திரியும், அரங்கசாலையில் எழுந்த கலகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிரசங்கம் செய்கிறவர்களாகிய நாங்களும் அவற்றையே விரித்துரைக்கிறோம். அவற்றுக்கு முன்பாக லூக்கா ஒரு சிறு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். ஜெபஆலயத்தில் மூன்று மாதம் பேசியபின், எதிர்ப்பு முற்றியதால், பவுல் தம் சீஷர்களைத் தனியே அழைத்துக்கொண்டு திறன்னு என்பவருடைய வித்தியாசாலைக்கு இடம் மாறினார். அங்கே அவர் தினந்தோறும் போதித்தார். இரண்டு ஆண்டுகள் அது நடந்தது.

திறன்னு யார் என்பதை வேதம் சொல்லவில்லை. ஆனால் புதிய ஏற்பாட்டின் சில பழைய கையெழுத்துப் பிரதிகள் இந்த இடத்தில் ஒரு சொற்றொடரைக் கூடுதலாகத் தருகின்றன. ஐந்தாம் மணி முதல் பத்தாம் மணி வரை பவுல் அங்கே போதித்தார் என்பது அது. நம் கணக்கில் முற்பகல் பதினொன்று முதல் மாலை நான்கு வரை. அந்நாட்டில் அது வெயில் உச்சியில் நிற்கும் நேரம். கடைகள் அடைத்து, உண்டு, மக்கள் உறங்கும் நேரம். திறன்னுவின் மாணாக்கர் காலையிலேயே பாடம் முடித்துச் சென்றிருப்பார்கள். கூடம் வெறுமையாக இருந்திருக்கும். காலையில் தோலைத் தைத்துக் கூடாரம் செய்த மனிதர், மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வேளையில் அங்கே வந்து நின்றார். கேட்க வந்தவர்களும் அப்படியே தங்கள் ஓய்வைக் கொடுத்து வந்தவர்கள்தாம். இச்சொற்றொடர் லூக்கா எழுதியதா, பின்னர் ஒருவர் சேர்த்ததா என்பது அறிஞர்களின் விவாதம். ஆனால் பவுல் எபேசில் தம் கைகளால் உழைத்தே பிழைத்தார் என்பதில் ஐயமில்லை. பிரிந்து செல்லும்போது அவ்வூர் மூப்பர்களிடம் தம் கைகளையே அவர் சாட்சியாகக் காட்டினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 19:12இல் பவுலின் சரீரத்திலிருந்த உறுமால்களையும் கச்சைகளையும் நோயாளிகள்மேல் போட எடுத்துச் சென்றார்கள் என்று வாசிக்கிறோம். அவை வேலைத்தலத்துத் துணிகள் என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து: வியர்வை துடைக்கத் தலையில் கட்டியதும், தோல் வேலைக்காக இடுப்பில் கட்டியதும். பிணியாளரிடம் போய்ச் சேர்ந்தது ஓர் உழைப்பாளியின் வியர்வைத் துணி. இதை நான் பல முறை வாசித்திருக்கிறேன். கடந்த ஆண்டு நம் சபையைச் சேர்ந்த ஒரு செவிலியச் சகோதரியுடன் பேசியபின் வாசித்தபோதுதான் அந்தத் துணியின் வாசனை எனக்கு எட்டியது.

அச்சகோதரியின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை எழுதலாம் என்று அவர் அனுமதி தந்திருக்கிறார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் அவருடைய வீடு. திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கல்பட்டுக்கு வந்து, அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் பணிக்குச் செல்கிறவர். ஜி.என்.எம். முடித்து, சில ஆண்டுகள் பணி செய்து, பிறகு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யும் முடித்தவர். கணவர் கண்ணாடியிழைப் படகில் கடலுக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகள். இக்கரையைச் சேர்ந்த செவிலியர் என்றவுடன், 2004 டிசம்பர் 26 ஞாயிறன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரண முகாமில் ஒரு நர்சைக் கண்டு தரிசனம் பெற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். நானும் அப்படி ஏதேனும் சொல்வாரோ என்று கேட்டுப் பார்த்தேன். "மாமாதான் ஐயா விண்ணப்பம் வாங்கி வந்தார். எனக்கு டீச்சர் டிரெயினிங் போகத்தான் ஆசை" என்றார். தேவ அழைப்பு சில வேளைகளில் மாமா வாங்கி வரும் விண்ணப்பப் படிவமாகவும் வரும்.

அவர் என்னிடம் வந்தது ஜெபத்துக்காக. முதுநிலைப் பட்டம், அதாவது எம்.எஸ்சி. நர்சிங், படிக்க விரும்புகிறார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். "பதினோரு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ் ஐயா. நேற்று வந்த பிள்ளைக்குப் பட்டம் இருப்பதால் அவர் எனக்கு மேலே இன்சார்ஜ். அவருக்கு வென்டிலேட்டர் அலாரம் எதற்கு அடிக்கிறது என்று நான்தான் சொல்லித் தருகிறேன்." இதில் சிறிது கசப்பு இருந்தது, நியாயமும் இருந்தது. வார்டை விட்டு ஒருநாள் கல்லூரியில் கற்பிக்க வேண்டும் என்ற விருப்பமும் இருந்தது. ஆசிரியப் பயிற்சிக்குப் போகத் துடித்த அந்தப் பழைய பெண் இன்னும் உள்ளே இருந்தார்.

அவருடைய அலைபேசிக்கு ஒரு விளம்பரம் வந்திருந்தது. வேலையை விடாமலே எம்.எஸ்சி. நர்சிங், பகுதிநேரம், பாடங்கள் அலைபேசியில், வருடத்துக்குச் சில நாட்கள் நேரில் வந்தால் போதும், இதற்குக் கலப்புமுறைக் கற்றல் என்று பெயர். வேறொரு மாநிலத்து முகவரி. முன்பணம் 60,000 ரூபாய். அதற்காகத் தாலிச் சங்கிலியைத் தவிர்த்து இருந்த நகையை அடகு வைக்க அவர் ஆயத்தமாயிருந்தார். மறுநாள் காலை பணம் கட்டுவதாக இருந்தது. ஜெபித்துவிட்டுக் கட்டலாம் என்று வந்தார்.

நாங்கள் ஜெபித்தோம். ஜெபித்தபின் விசாரித்தோம். விசுவாசிகள் இவ்விரண்டில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, இரண்டாவதைச் செய்யாததற்குக் கர்த்தருடைய சித்தம் என்று பெயரிட்டுவிடுகிறோம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை ஆண்டவர் லூக்கா 14இல் சீஷத்துவத்துக்கு உவமையாகச் சொன்னார். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

நம் சபையில் செவிலியம் படிக்கும், படிக்க விரும்பும் பிள்ளைகள் பலர் இருப்பதால், விசாரித்து அறிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்தியாவில் செவிலியக் கல்வியின் தரத்தை வகுப்பது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். (2023இல் தேசியச் செவிலியர், மகப்பேறுத் தாதியர் ஆணையத்துக்கான புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இத்துறையில் இருப்பவர்கள் அதையும் கவனித்து வாருங்கள்.) எம்.எஸ்சி. நர்சிங் என்பது இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. பதிவு பெற்ற செவிலியராக இருந்து, பி.எஸ்சி. அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து, குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவமும் இருக்க வேண்டும். மருத்துவ-அறுவை, குழந்தை நலம், மகப்பேறு, சமூக நலம், மனநலம் என ஐந்து சிறப்புப் பிரிவுகளுள் ஒன்றை எடுக்க வேண்டும். தொலைநிலை வழியிலும் இணைய வழியிலும் நடத்தக்கூடாத படிப்புகளின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020ஆம் ஆண்டு விதிமுறைகளில் வைத்திருக்கிறது. மருத்துவம், பிசியோதெரபி, மருந்தியல் ஆகியவற்றோடு நர்சிங்கும் அதில் இருக்கிறது. ஆகவே அலைபேசியில் படித்து வருடத்துக்குச் சில நாட்கள் மட்டும் நேரில் போய் எம்.எஸ்சி. நர்சிங் பெறலாம் என்று எவரேனும் சொன்னால், அக்கல்லூரிக்கு, அப்பிரிவுக்கு, அவ்வாண்டுக்கு கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பட்டத்தைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்வார்களா என்று நம் மாநிலச் செவிலியர் குழுமத்திலும் கேளுங்கள். இக்கேள்விகளை எங்கள் சகோதரி அந்த விளம்பர எண்ணுக்கு அனுப்பினார். முன்பணத்துக்குப் பத்து விழுக்காடு சலுகை தருவதாகப் பதில் வந்தது. கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அவர் பணம் கட்டவில்லை. நகை பிழைத்தது. ஆனால் அன்று மாலை அவர் அழுதார். ஏமாறாமல் தப்பியதற்காக நன்றி சொல்லி முடித்துவிடலாம் என்று நான் ஜெபத்துக்கு எழுந்தபோது அவர் கேட்டார்: "தப்பு வழி எதுவென்று சொல்லிவிட்டீர்கள் ஐயா. எனக்கு வழி எது?"

அவருடைய அக்காள் இங்கிலாந்தில் செவிலியர். இவரைப்போலவே இதே கரையிலிருந்து ஜி.என்.எம். படித்துச் சென்றவர். அங்கே அரசு மருத்துவத் துறையில் வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேரப் பணி. அதைச் செய்துகொண்டே மூன்றாண்டுப் பகுதிநேர முதுநிலைப் பட்டம் படிக்கிறார். பாடங்களில் பெரும்பகுதி இணையத்தில். குறிப்பிட்ட நாட்களில் பல்கலைக்கழகம் செல்ல வேண்டும். செய்முறைத் திறன்கள் அவர் பணிபுரியும் வார்டிலேயே மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் சோதிக்கப்பட்டுக் கையெழுத்தாகின்றன. படிப்பு நாட்களுக்கு மருத்துவமனை விடுப்பும் தருகிறது. ஒரே தாயின் இரு பிள்ளைகள், ஒரே கல்வி, ஒரே வேலை. ஒருவருக்குச் சட்டப்படி திறந்திருக்கும் வாசல் மற்றவருக்குச் சட்டப்படி மூடியிருக்கிறது. இதைக் கேட்டபோது எனக்கு வந்த முதல் எண்ணம், நம் நாட்டு விதி இரக்கமற்றது என்பதே. இணைய வழியிலேயே முதுநிலைச் செவிலியம் கற்பிக்கும் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் துணையுடன் 1994இலேயே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பணியிலுள்ள செவிலியருக்குத் தொலைக்கல்வி வழியில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. போர் நடந்த தேசத்தில் முடிந்தது நம்மிடம் ஏன் முடியாது?

ஆயினும் விதியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் செங்கல்பட்டுக்கு அடுத்த திருமணிக்குப் போனால் போதும்.

திருமணியில் இன்று மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1955இல் அரசு அதை ஏற்கும் முன்பு அது 1924இல் தொடங்கப்பட்ட லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை. அங்கே பல ஆண்டுகள் பணி செய்த மருத்துவர் ராபர்ட் காக்ரன் பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். 1947இல் அவர், வேலூருக்குப் புதிதாக வந்திருந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டை அழைத்து வந்து இவ்விடத்தைச் சுற்றிக் காட்டினார். நோயாளிகளின் விரல்கள் நகங்களைப்போல மடங்கிக் கிடந்தன. அவை ஏன் அப்படி ஆயின என்பதை எந்த எலும்பு மருத்துவரும் ஆராயவில்லை என்று காக்ரன் சொன்னார். பிராண்ட் ஒரு நோயாளியின் முன் நின்று, தம் கையைக் கொடுத்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பலவீனமான பிடியை எதிர்பார்த்தவர் வலியால் அலறினார். அந்த நோயாளிக்குத் தாம் அழுத்துவதன் வலிமை தெரியவில்லை. ஆனால் வலிமை இருந்தது. செத்துவிட்டதாக எல்லாரும் எண்ணிய கையில் உயிருள்ள தசைகள் இருந்தன. அத்தசைகளின் நாண்களை இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் மீண்டும் திறக்கும் என்ற சிகிச்சை முறைக்கு அந்தப் பிடிதான் தொடக்கம். பிறகு எத்தனையோ நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்து அவரும் உடன்பணியாளரும் அதை வேலூரில் நிறைவேற்றினார்கள்.

தொழுநோயைப் பற்றி அச்சாகியிருந்த புத்தகங்களை அவர் லண்டனிலேயே வாசித்திருக்கலாம். ஆனால் அந்தக் கை சொன்னதை, அந்தக் கையைப் பிடித்தவருக்குத்தான் அது சொன்னது. நோயாளியின் படுக்கையருகே கழிய வேண்டிய மணிநேரங்களை எந்தத் திரையாலும் ஈடுசெய்ய முடியாது என்று விதி வகுத்தவர்கள் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவே காரணம். அந்தப் பிடிவாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் தாயோ தகப்பனோ ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது, அலைபேசியில் மட்டும் பட்டம் பெற்றவர் அருகில் நிற்க நம்மில் யார் விரும்புவோம்?

என் குறை வேறு. படுக்கையருகே கற்க வேண்டும் என்பது சரி. எங்கள் சகோதரி பதினோரு ஆண்டுகளாக வேறெங்கே நிற்கிறார்? அவருடைய வார்டு கற்கும் இடமாகக் கணக்கில் வராது. அதை விட்டுவிட்டு வேறொரு வார்டில் மாணவியாக நின்றால்தான் கணக்கில் வரும் என்பதே இன்றைய நிலை. பாடத்தைத் திரையிலும், செய்முறையைத் தாம் பணிபுரியும் இடத்திலேயே தகுதியுள்ள ஒருவரின் கண்காணிப்பிலும் கற்பிப்பதுதான் உண்மையான கலப்புமுறை. அந்த விளம்பரம் கலப்புமுறை என்ற பெயரைத் திருடிக்கொண்டது. செவிலியக் கல்விக்கு இது அந்நியமான வழியும் அன்று. நைட்டிங்கேல் அம்மையார் 1860இல் லண்டனில் தொடங்கிய பள்ளியிலும், வேலூரில் 1909இல் தொடங்கிய செவிலியர் பள்ளியிலும் மாணவியர் வார்டில் உழைத்துக்கொண்டேதான் கற்றார்கள். நம் கவுன்சிலே இதை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறது. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் பாடம் 20 விழுக்காடு, மருத்துவமனைப் பணி 80 விழுக்காடு. வார்டில் பணி செய்துகொண்டே கற்பதால் ஊதியத்துக்கும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள். அவ்வழி தீவிர சிகிச்சைக்கு மட்டும் என்றில்லாமல் விரிந்தால் நன்று என்பது என் கருத்து. அதற்காக ஜெபிப்பதோடு, இத்துறையில் பொறுப்பிலுள்ள நம் சபையார் பேசவும் வேண்டும்.

கணக்குக்கு வருகிறேன். சகோதரியின் மாதச் சம்பளம் 18,000 ரூபாய். முழுநேரப் படிப்பு என்றால் 24 மாதம் சம்பளமில்லை. 4,32,000 ரூபாய். அதன்மேல் கல்லூரிக் கட்டணம், பேருந்துச் செலவு, புத்தகம். ஒரு தாளில் அவரும் அவர் கணவரும் என் முன்னால் எழுதிக் கூட்டினார்கள். கூட்டியபின் கணவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மீன் இருக்கிற வருஷமா இருந்தா பரவாயில்லை ஐயா" என்றார். மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகள் நிற்கும்; இவர்களுடைய சிறுபடகுகள் போகலாம் என்றாலும், கடல் கொடுப்பது ஆண்டுக்கு ஆண்டு வேறு. இப்படிப்பட்ட குடும்பத்தில் அந்த 18,000 ரூபாய்தான் மாதந்தோறும் தவறாமல் வருகிற ஒரே வருமானம். மேற்படிப்பை விடுவது இவர்களுக்கு விசுவாசக் குறைவு என்று எவரும் சொல்லாதிருப்பார்களாக.

சபையைக் குறித்தும் எழுத வேண்டும். அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

நம்மிடையே செவிலியர்கள் ஞாயிறு ஆராதனைக்குத் தவறுவதைக் குறித்து முணுமுணுப்பு உண்டு. 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறுபணிக்கு வர வேண்டியவர்கள் வர முடியாமற்போனதால் இச்சகோதரி இரவுப் பணியை முடித்து, பகற்பணியையும் செய்து, அடுத்த இரவும் அங்கேயே இருந்தார். 11ஆம் தேதி ஞாயிறு அவர் ஆலயத்தில் இல்லை. ஆராதனை முடிந்து வாசலில், மார்த்தாள் வேலையிலேயே கவனமாயிருந்ததைச் சுட்டி ஒருவர் சொன்னது அவர் காதுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. மார்த்தாளை ஆண்டவர் கடிந்துகொண்டது அவள் உழைத்ததற்காக அன்று, கலங்கித் தவித்ததற்காக. நோயாளியைத் தனியே விட்டுவிட்டு ஆலயத்துக்கு வரும் செவிலியரை நல்ல சமாரியன் உவமையில் எந்தப் பாத்திரத்தோடு ஒப்பிடுவீர்கள் என்பதை லூக்கா 10ஐத் திறந்து நீங்களே பாருங்கள். இரண்டு பகுதிகளும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

படிக்கும் பெண்களிடம் நாம் கேட்கும் கேள்விகளும் அப்படியே. "பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?" என்பதை அக்கறையோடு கேட்டால் அதற்கு அடுத்த வாக்கியம் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதாக இருக்க வேண்டும். இச்சகோதரியின் வீட்டில் அந்த வாக்கியத்தைச் சொன்னவர் அவருடைய மாமியார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மீன் கூடை சுமந்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். "நீ படி கண்ணு. நான் கையெழுத்து வைக்கத் தெரியாமல் பேங்க்கில் நின்றது போதும்" என்றாராம். அவர் நம் சபையாரும் அல்லர். ஒவ்வொரு ஆண்டும் அம்மன் திருவிழாவுக்குக் கூழ் ஊற்றுகிறவர். திறன்னுவும் விசுவாசியாக இருந்தார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் கூடத்தைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இப்போது சகோதரி என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். அவர் இன்னும் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. ஐ.சி.யூ. அனுபவம் இருப்பதால் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா, அல்லது இரண்டாண்டு பொறுத்துப் பணம் சேர்த்து எம்.எஸ்சி.க்கே போகலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். முன்னதில் ஊதியம் நிற்காது. பின்னதில் கற்பிக்கும் ஆசை நேராக நிறைவேறும். எனக்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை. தம்பதியராக அவர்கள் முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன். அதுவரை வீணாக இருக்க வேண்டாம் என்று மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் புள்ளியியல் பாடம் ஒன்றைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். அது பட்டம் அன்று, சான்றிதழ் மட்டுமே என்பதை அறிந்தே படிக்கிறார். முதுநிலைப் படிப்பில் ஆராய்ச்சியும் புள்ளியியலும்தான் பலரைத் தடுக்கி விழச் செய்கின்றன என்று அக்காள் சொன்னாராம்.

எங்கே படிக்கிறார் என்பதுதான் சிக்கலாயிருந்தது. வீடு ஓர் அறையும் சமையற்கட்டும். இரவுப் பணி முடித்து எட்டரை மணிக்குச் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் நின்றால், ஊருக்குப் போய்ச் சேருமுன் கண் மூடிவிடுகிறது. போய்ச் சேர்ந்தால் சமையல், துணி, பிள்ளைகள். பிற்பகற்பணி நாட்களிலோ காலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிட முடியும். வந்து உட்கார இடமில்லை. தேநீர்க் கடையில் அமர்ந்து படித்திருக்கிறார். இதைக் கேட்டபோதுதான் திறன்னுவின் வெறுமையான கூடம் எனக்கு நினைவில் தட்டியது. நம் ஆலய வளாகத்திலுள்ள ஞாயிறுபள்ளிக் கூடம் திங்கள் முதல் சனி வரை பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் ஆறு நாள் அங்கே படிப்பது புறாக்கள் மட்டுமே.

கடந்த மாதம் சபைக் குழுவில் இதை வைத்தேன். ஒருவர் மின்கட்டணம் கேட்டார். ஒருவர் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார். மூத்த அங்கத்தினர் ஒருவர், வேறு சபைப் பிள்ளைகளும் வேறு மதத்துப் பிள்ளைகளும் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். வரட்டும் என்று தீர்மானமாயிற்று. இரண்டு மேசைகள், நான்கு நாற்காலிகள், ஓர் இணைய இணைப்பு, மின்தடைக்கு ஓர் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டருக்கான பணத்தை இச்சபையின் ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர் ஒருவர், தம் பெயரை அறிவிக்க வேண்டாம் என்ற நிபந்தனையோடு தந்திருக்கிறார். முதல் வாரத்தில் நம் சகோதரியோடு ஒரு ஜி.என்.எம். மாணவியும், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பியும் வந்தார்கள். ஒரு நாள் சகோதரி மேசையிலேயே தலைசாய்த்து உறங்கிவிட்டார். ஐத்திகு அப்போஸ்தலர் 20இல் ஜன்னலில் உறங்கி விழுந்ததைச் சொல்லி அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தாராம்.

உங்கள் ஜெபத்தில் மூன்று காரியங்களை வைத்துக்கொள்ளுங்கள்: இச்சகோதரியும் அவருடைய கணவரும் எடுக்கப்போகும் தீர்மானம், இங்கிலாந்தில் இவ்வாண்டு தேர்வெழுதும் அக்காள், நம் மாவட்ட மருத்துவமனைகளில் இரவுப் பணியில் நிற்கும் எல்லாச் செவிலியரும்.

கூடம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டரை முதல் ஒன்றரை வரையும், மாலை நான்கு முதல் எட்டு வரையும் திறந்திருக்கும். சாவி ஆயர் இல்லத்தில். செவ்வாய்க்கிழமைப் பாடகர் பயிற்சி இனி கூடத்தில் அன்று, ஆலயத்துக்குள்ளே, மாலை ஆறரைக்கு. ஹார்மோனியத்தை அங்கே கொண்டுபோக வாலிபர் இருவர் தேவை.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்